குடை பிடித்த துறவியும் சொல்லாமல் விட்ட பாதியும்

இம்முறை நம் இலக்கிய எல்லையைச் சற்றே தாண்டித் தென்சீனம் வரை சென்று வரலாம் என்று எண்ணுகிறேன். பழமொழிகளின் மீதுள்ள பற்றினால் சில ஆண்டுகளாகக் காண்டனீஸ் மொழியின் மரபுத்தொடர்களைப் பற்றிப் படித்து வருகிறேன். அப்படிப் படித்ததில் என்னை விடாமல் தொடரும் நிகழ்ச்சி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

1970ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள். பீகிங் நகரில் சீனத் தலைவர் மாவோவும் அமெரிக்க இதழாளர் எட்கர் ஸ்நோவும் நெடுநேரம் உரையாடினர். ஸ்நோ சீனத்துக்குப் புதியவர் அல்லர். 1936இலேயே வடமேற்குச் சீனத்தின் குகைக் குடியிருப்புகளைத் தேடிச் சென்று, மாவோவைச் சந்தித்து, அவரை உலகுக்கு அறிமுகம் செய்தவர். அன்றைய உரையாடலில் மாவோ தம்மைப் பற்றிச் சிறு தொடர் ஒன்றைச் சொன்னார்: 'குடை பிடித்த துறவி'. 1971 ஏப்ரலில் 'லைஃப்' இதழில் வெளிவந்த தம் கட்டுரையில் ஸ்நோ இதனைக் குறிப்பிட்டபோது, ஓட்டைக் குடையுடன் உலகில் தன்னந்தனியே நடந்து செல்லும் துறவி என்று மாவோ தம்மை வருணித்ததாக எழுதினார். படித்தவர்கள் நெகிழ்ந்தனர். கோடிக்கணக்கான மக்களை ஆளும் முதியவர் ஒருவரின் உள்ளத்துத் தனிமை அதில் வெளிப்பட்டதாகவே அவர்களுக்குத் தோன்றியது.

மாவோ சொன்னதோ முற்றிலும் வேறு. அத்தொடர் பாதியே ஆனது. மறுபாதியைச் சொல்லாமல் விடுவதே மரபு. பௌத்தத் துறவி தலையை மழித்தவர். எனவே முடி இல்லை. குடை பிடித்திருப்பதால் மேலே வானமும் இல்லை. 'முடியும் இல்லை, வானும் இல்லை' என்பதே அந்த மறுபாதி. சீனத்தில் முடிக்குரிய சொல்லும் சட்டத்துக்குரிய சொல்லும் ஒலியால் நெருங்கியவை. காண்டனீஸில் இரண்டும் முழுதும் ஒன்றே, 'ஃபாட்' என்பர். ஆகவே 'முடியில்லை, வானில்லை' என்பது கேட்போர் செவியில் 'சட்டமில்லை, தெய்வமில்லை' என்றாகிறது. எதற்கும் அடங்காதவன் நான் என்பதே மாவோ சொன்னதன் பொருள். இறுமாப்பாக உரைக்கப்பட்டது, இரக்கத்துக்குரியதாக மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. ஸ்நோ 1972 பிப்ரவரியில் காலமானார். அவர் தீட்டிய தனிமைத் துறவியின் உருவம் அவருக்குப் பின்னும் மேலை நாட்டு எழுத்துகளில் உலவியது.

மாவோ காண்டனீஸ் பேசியவர் அல்லர்; ஹூனான் மாநிலத்தவர். ஆனால் இந்தத் துறவி சீனத்தின் பல மொழிகளுக்கும் பொதுவானவர். குவாங்சௌ என இன்று வழங்கும் காண்டன் நகரிலும், ஹாங்காங்கிலும், மக்காவிலும் அவர் அதே குடையோடு வாழ்கிறார். இத்தகைய பாதித்தொடர்கள் பேச்சில் ஓயாது புழங்கும் மொழி என்பதனாலேயே காண்டனீஸை இங்கே எடுத்துக்கொண்டேன். ஏறத்தாழ 8 கோடி மக்களின் மொழிக் குடும்பத்தில் தலைமையிடம் வகிக்கும் மொழி அது. அதன் மரபுத்தொடர்களைக் கற்பது என்பது உண்மையில் எதைக் கற்பது என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள்.

மேற்கண்ட வகைத் தொடருக்குச் சீன இலக்கணத்தார் இட்ட பெயரின் நேர்ப்பொருள் 'பின்பகுதி ஓய்ந்த சொல்' என்பதாகும். முன்பகுதி ஒரு காட்சி. பின்பகுதி அதன் விளக்கம். பேசுபவர் காட்சியை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார். விளக்கம் கேட்பவரின் நெஞ்சில் தானே எழ வேண்டும். நமக்கு இது புதிதன்று. "யானைக்கு ஒரு காலம் வந்தால்..." என்று இழுத்து நிறுத்தினால் பூனையை வரவழைப்பது கேட்பவரின் வேலை. சொல்லவந்ததை உள்ளே வைத்து, கேட்போர் உய்த்துணர விடும் உள்ளுறையைத் தொல்காப்பியம் கற்றவர்கள் அறிவர். நாம் செய்யுளில் போற்றிய நுட்பத்தைக் காண்டன் நகரத்து மீன்கடைக்காரர் விலை பேசும்போது கையாள்கிறார் என்பதுதான் வேறுபாடு.

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். 'காகிதத் தாடை' என்பது ஒன்று. இறந்தவர்களுக்காக எரிப்பதற்கென்று மூங்கிலாலும் காகிதத்தாலும் வீடு, வண்டி, பணியாள் முதலிய உருவங்களைச் செய்வது சீனர் வழக்கம். அப்படிக் காகிதத்தால் செய்த தாடை மிகவும் இலேசானது. எனவே மறுபாதி 'வாய் இலேசு'. வாக்குறுதியை எண்ணிப் பாராமல் அள்ளி வீசுகிறவரைப் பற்றிச் சொல்வது. இறுதிச் சடங்கை அறியாதவருக்கு இத்தொடரில் காகிதமும் விளங்காது, தாடையும் விளங்காது.

'ஆண்டிறுதி எள்ளுருண்டை' என்பது இன்னொன்று. புத்தாண்டை ஒட்டி எல்லா வீடுகளிலும் மாவை உருட்டி, எள்ளில் புரட்டி, எண்ணெயில் பொரித்தெடுப்பர். வறியவர் வீட்டிலும் அது இல்லாமல் இராது. மறுபாதி, 'பிறரிடம் உண்டு, என்னிடமும் உண்டு'. தேவை இருக்கிறதோ இல்லையோ, ஊரார் வைத்திருக்கிறார்கள் என்பதற்காகவே ஒன்றை வைத்திருப்பவரை இவ்வாறு சுட்டுவர்.

மூன்றாவது முழுச் சிலேடை. 'கணவன் விசிறுகிறான்' என்பது முன்பாதி. அவன் விசிறினால் குளிர்ச்சி யாருக்கு? மனைவிக்கு. 'மனைவி குளிர்ந்தாள்' என்னும் தொடரும் 'அவலம், பரிதாபம்' என்னும் சொல்லும் காண்டனீஸில் ஒரே ஒலியுடையவை. யாருக்கேனும் துயரம் நேர்ந்ததைக் கேட்டவர், "கணவன் விசிறுகிறான்" என்று மட்டும் சொல்லிப் பெருமூச்சு விடுவார். இதனை எந்த மொழியிலும் பெயர்க்க இயலாது, விளக்கத்தான் இயலும். விளக்கிய அளவில் நகைச்சுவையும் போய்விடும், துயரமும் போய்விடும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அகராதியில் பொருளைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் போதாதா? பொருளை அறிவது வேறு, வழக்கை அறிவது வேறு என்பதே என் விடை. 'உப்புக்கருவாடு தின்னத் தெரிந்தவன் தாகத்தையும் தாங்க வேண்டும்' என்று காண்டனீஸில் ஒரு பழமொழி உண்டு. படித்தவுடன் நமக்கு நம்முடைய 'உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்' நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றே என்று குறித்துக்கொண்டு மேலே செல்வோம். ஆனால் நம் பழமொழியில் உப்பு என்பது தவறு. தண்ணீர் என்பது தண்டனை. பிறர் குற்றத்தைக் கண்டு நாம் சொல்வது அது. அவர்களுடைய பழமொழியில் கருவாடு குற்றமன்று. விரும்பி உண்ட சுவை, தானே தேர்ந்துகொண்ட வழி. அதனால் வரும் துன்பத்தை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள் என்பது கருத்து. அதனால் ஒருவர் அதைத் தமக்கே சொல்லிக்கொள்ளவும் கூடும். நம் பழமொழியைத் தம்மைக் குறித்துத் துணிவோடு சொல்லிக்கொள்பவர் அரியர். ஒரே உப்பு, இரு வேறு வழக்கு.

தொடர்களுக்குள் வரலாறு உறைந்திருப்பதையும் காணலாம். வேலையிலிருந்து நீக்கப்படுவதைக் காண்டனீஸில் 'கணவாய் வறுத்தல்' என்பர். கணவாய் மீனின் துண்டைச் சூடான வாணலியில் இட்டால் உடனே சுருண்டுகொள்ளும். அக்காலத்தில் கடைப் பணியாளர்கள் கடையிலேயே தங்கி உறங்குவர். பாயும் போர்வையும் அவர்களுடைய சொந்தப் பொருள். முதலாளி 'போ' என்றால் படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். நேரே சொல்ல நாணிய சொல்லுக்கு மீன் துணையாயிற்று என்று விளக்கம் கூறுவர். இன்று குளிரூட்டிய அலுவலகத்தில் கணினியின் முன் அமர்ந்திருப்பவரையும் கணவாய்தான் வறுக்கிறார்கள். பாயும் போர்வையும் மறைந்த பின்னும் தொடர் நிற்கிறது. பிறர் செய்த பிழையைத் தன் தலையில் சுமப்பது 'செத்த பூனையைத் தின்பது'. கைக்கு எட்டிய வாய்ப்பை நழுவவிட்டால் 'கோழி ஓடிவிட்டது'. இருவர் பேசிக்கொண்டே இருந்தும் ஒருவர் மொழி மற்றவருக்கு எட்டாவிட்டால் 'கோழி வாத்தோடு பேசியது'.

நன்னூல் கற்ற நண்பர்களுக்கு மிகவும் இனிக்கக்கூடிய பகுதி மங்கல வழக்கு. சுடுகாட்டை நன்காடு என்றும், செத்தாரைத் துஞ்சினார் என்றும் சொல்லும் வழக்கத்தை நம் இலக்கணம் தகுதி வழக்கில் அடக்கியது. காண்டனீஸ் வணிகரின் மொழி. அங்கே அமங்கலம் என்பது பெரும்பாலும் நட்டம். நீர் செல்வத்தைக் குறிக்கும். பேச்சு வழக்கில் பணத்துக்கே 'நீர்' என்று பெயர். எனவே 'வறட்சி' ஆகாத சொல். ஈரலைக் குறிக்கும் சொல் வறட்சியைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் ஒன்றிவிட்டது. ஆகவே பன்றி ஈரலுக்கு 'ஈரம்' என்னும் பொருளிலிருந்து புதுப்பெயர் இட்டனர். நாக்குக்குரிய பழைய சொல் நட்டத்தைப் போல் ஒலித்தது. அதனைத் தள்ளிவிட்டு 'ஆதாயம்' என்னும் சொல்லின் ஒலியையே நாக்குக்குச் சூட்டினர். பஞ்சாங்கத்தின் பெயரில் உள்ள 'நூல்' என்னும் சொல் 'தோல்வி'யைப் போல் ஒலித்தமையால், பஞ்சாங்கம் 'முற்றும் வெற்றி' என்னும் பெயர் பெற்றது. 'வெற்று வீடு' என்பதில் வெறுமைக்குரிய சொல் தீமையை நினைவூட்டியது. எனவே வாடகைக்குக் காத்திருக்கும் காலி வீடு 'நல்வீடு' ஆயிற்று. நம் நன்காட்டுக்கும் அவர்களுடைய நல்வீட்டுக்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்!

நம் துறவியின் குடையும் இதற்குத் தப்பவில்லை. குடைக்குரிய பொதுச் சீனச் சொல் காண்டனீஸில் 'சிதறுதல், பிரிதல்' என்று ஒலிக்கும். ஆகவே காண்டனீஸ் பேசுவோர் குடையை 'மறைப்பு' என்னும் பொருளுடைய 'ஜே' என்ற சொல்லால் வழங்குகின்றனர் என்று காரணம் கூறுவர்.

இத்தகைய மொழியை அயலார் கற்ற கதை துயரம் மிகுந்தது. 1757 முதல் 1842 வரை மேலைநாட்டு வணிகருக்குச் சீனத்தில் திறந்திருந்த துறைமுகம் காண்டன் ஒன்றே. அங்கும் ஆயிரம் கட்டுப்பாடுகள். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளரான ஜேம்ஸ் ஃப்ளின்ட், 1759இல் வடக்கே கடற்பயணம் செய்து, காண்டன் அதிகாரிகளின் மீது சீனப் பேரரசருக்கு முறையீடு அனுப்பினார். விளைவு, அவருக்கு மக்காவில் மூன்றாண்டுச் சிறை. அந்த முறையீட்டைச் சீனத்தில் எழுத உதவியவருக்குக் கிடைத்தது மரண தண்டனை. அதன்பின் அயலாருக்குச் சீனமொழி கற்பிப்பது உயிரைப் பணயம் வைக்கும் தொழிலாயிற்று.

அரை நூற்றாண்டுக்குப் பின், 1807இல், ராபர்ட் மாரிசன் என்னும் பாதிரியார் காண்டன் வந்து சேர்ந்தார். அவருக்குக் கற்பித்த ஆசிரியர்களில் ஒருவர், பிடிபட்டால் சித்திரவதைக்கு ஆளாகாமல் இறந்துவிடலாம் என்று எப்போதும் நஞ்சை உடன் வைத்திருந்தார் எனக் கூறப்படுகிறது. அந்த ஆசிரியரை நினைக்கும்போதெல்லாம், சம்பளமும் விடுமுறையும் பெற்றுக்கொண்டு மொழி கற்பிக்கும் எனக்கு ஒரு கூச்சம் உண்டாகிறது. இதே கம்பெனி 1812இல் நம் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை நிறுவித் தன் அதிகாரிகளுக்குத் தமிழும் பிற மொழிகளும் கற்பிக்கப் புலவர்களை அமர்த்தியது. சென்னையில் கம்பெனி ஆளும் தரப்பு. காண்டனில் வாசலில் நிற்கும் வணிகன். ஆகவே ஓரிடத்தில் மொழி ஆட்சிக்குரிய கருவியாகவும், மற்றோரிடத்தில் ஒளித்துக் கைமாற்றும் பொருளாகவும் இருந்தது.

கற்க வழியில்லாத இடத்தில் வணிகம் நின்றுவிடவில்லை. ஆங்கிலச் சொற்களைச் சீனத் தொடரமைப்பில் கோத்த கலப்புமொழி ஒன்று காண்டன் துறைமுகத்தில் தோன்றியது. அம்மொழியைக் கற்பிக்கச் 'செம்மயிரர் பேச்சு' என்னும் வகையில் சிறு ஏடுகள் சீனருக்காக விற்பனையாயின. ஆங்கிலச் சொல்லின் ஒலியைக் காண்டனீஸ் ஒலிப்புடைய சீன எழுத்துகளால் குறித்த ஏடுகள் அவை. விலை பேசவும் சரக்கு இறக்கவும் அம்மொழி போதுமானதாக இருந்தது. ஆனால் அதில் காகிதத் தாடை இல்லை, விசிறும் கணவன் இல்லை. இருவரும் சேர்ந்து வாழ்ந்தால்தான் மறுபாதி உண்டாகும். சேர்ந்து சரக்கு எண்ணினால் மட்டும் உண்டாகாது.

மாரிசன் தளரவில்லை. 1828இல் காண்டன் மொழிக்கென்றே ஒரு சொற்றொகுதியை மூன்று பகுதிகளாக மக்காவில் அச்சிட்டார். அதன்பின் வழி சிறிது சிறிதாகத் திறந்தது. பிரிட்ஜ்மனின் காண்டன் மொழிப் பாடநூல் 1841இலும், வில்லியம்ஸின் அகராதி 1856இலும், டயர் பால் எழுதிய எளிய காண்டனீஸ் நூல் 1883இலும் வெளிவந்தன. இந்நூல்களின் வரிசையைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. சொல்லில் தொடங்கி, தொடருக்கு வந்து, பேச்சின் இறுதியில் ஒட்டி நிற்கும் சிற்றிடைச்சொற்களின் தொனி வரை கற்போர் மெல்ல மெல்ல நெருங்கியிருக்கின்றனர். தெருப்பேச்சை ஒரு மொழியாக மதிக்கக் கற்றுக்கொண்ட வரலாறும் இதுவே.

அன்று அயலாருக்கு மூடப்பட்டிருந்த மொழி, பின்னாளில் சொந்த மக்களிடமே இடம் சுருங்கக் கண்டது. ஹாங்காங் திரையுலகில் 1970களின் தொடக்கத்தில் மாண்டரின் படங்களின் செல்வாக்கால் காண்டனீஸ் படங்கள் ஏறக்குறைய நின்றே போயிருந்தன. 1973இல் வெளிவந்த 'எழுபத்திரண்டு குடித்தனங்கள்' என்னும் படம் ஒண்டுக்குடித்தன மக்களின் பேச்சைத் திரைக்குக் கொண்டுவந்து பெருவெற்றி பெற்றது. அரங்கில் எழுந்த சிரிப்பு, மறுபாதியை அறிந்தவர்களின் சிரிப்பு. அதிலிருந்து காண்டனீஸ் படங்கள் மீண்டும் எழுந்தன. இறந்ததாகக் கருதப்பட்டது மீண்டு வந்தால் 'கருவாடு உயிர்த்தது' என்பார்கள். அத்தொடர் அந்தப் படத்துக்கே பொருந்தும்.

2010இல் குவாங்சௌ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெறவிருந்தன. நகரத் தொலைக்காட்சியின் முதன்மை அலைவரிசைகளில் மாண்டரினுக்கு இடம் தர வேண்டும் என்று ஒரு முன்மொழிவு எழுந்தது. அவ்வாண்டு ஜூலை 25 அன்று ஜியாங்நான்சி மெட்ரோ நிலையத்தருகே மக்கள் பெருந்திரளாகக் கூடித் தம் மொழிக்காகக் குரல் கொடுத்தனர். 2014இல் ஹாங்காங்கின் கேலிச்சித்திரக்காரர் ஆ தோ வேறொரு வழியைக் கண்டார். பீட்டர் பிரூகல் என்னும் ஓவியர் 1559இல் நெதர்லாந்துப் பழமொழிகளை ஒரே ஊராகத் தீட்டியதைப் பின்பற்றி, 81 காண்டனீஸ் தொடர்களை ஒரே சித்திரத்தில் வரைந்தார். ஒவ்வொரு தொடரும் அதில் சொல்லுக்குச் சொல் காட்சியாக வரையப்பட்டிருந்தது. மொழி அறியாதவருக்கு அது பைத்தியக்காரர்களின் ஊர். அறிந்தவருக்குப் பாட்டியின் குரல். சித்திரத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் தொடர்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து மகிழ்ந்தார்கள். விளக்கம் தேடியவர்களும் இருந்தார்கள். தம் மொழியின் தொடர்களையே பட்டியல் வைத்துக் கற்கும் நிலையில் ஒரு தலைமுறை நிற்கிறது என்பதையும் அச்சித்திரம் காட்டிவிட்டது.

இதில் நாம் பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்துபோக இயலாது. என் வகுப்பில் மரபுத்தொடர் நடத்தும்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பழமொழியின் முன்பாதியைச் சொல்லி நிறுத்துவேன். இருபது ஆண்டுகளுக்கு முன் வகுப்பே மறுபாதியை உரக்கச் சொல்லும். சென்ற ஆண்டு 'ஆடத் தெரியாதவள்' என்று நிறுத்தியபோது வகுப்பு அமைதியாக இருந்தது. கடைசி வரிசையில் ஒரு மாணவி மட்டும், "கூடம் கோணல்னு எங்க அப்பத்தா சொல்லும்யா" என்றாள். அவளுக்கும் அப்பத்தாவோடு ஒரே வீட்டில் வளர்ந்ததால் கிடைத்த செல்வம் அது. மற்ற மாணவர்களும் தேர்வில் பொருளைச் சரியாகவே எழுதினார்கள். வழிகாட்டி நூலில் இருக்கிறதே!

மொழியின் செல்வம் நூல்களில் மட்டும் இருந்தால் அதனைக் காப்பது எளிது, அச்சிட்டு அடுக்கிவிடலாம். மரபுத்தொடரின் மறுபாதி நூலில் இல்லை. அது இன்னொருவரின் நெஞ்சில் இருக்கிறது. இவருக்கு இது தெரியும் என்று நம்பித்தான் நாம் பாதியில் நிறுத்துகிறோம். எட்கர் ஸ்நோ கூரிய அறிவுடையவர்; சீனத்தை நேசித்தவர்; சீனத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அவருக்கே ஒரு பாதி நழுவிப்போயிற்று. கேட்கும் தமிழ்ப் பிள்ளைக்கும், கேட்கும் காண்டனீஸ் பிள்ளைக்கும் அது நழுவினால் அவர்கள் காண்பதும் ஓட்டைக் குடையைத்தான்.

நண்பர்கள் தத்தம் வீட்டில் முதியவர்கள் பாதியில் நிறுத்தும் தொடர்களைக் கேட்டு, மறுபாதியையும், அதை எப்போது யாரிடம் சொல்வார்கள் என்பதையும் குறித்து வைத்தால் நன்று. பொருளை மட்டும் குறிக்க வேண்டாம். சொன்னவர், கேட்டவர், சொன்ன நேரம் இம்மூன்றையும் சேர்த்துக் குறியுங்கள்.